காசியில் எந்தப் பகுதியில் தங்குவது? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காசிக்கு டிக்கெட் போட்டதும் அடுத்த வேலை அறை தேடுவது. பெரும்பாலானவர்கள் செல்போனில் வரைபடத்தைத் திறந்து, விஸ்வநாதர் கோயிலுக்கு எது பக்கம், வாடகை எவ்வளவு, ஏசி உண்டா என்று மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். வேறு பல ஊர்களுக்கு இது போதும். காசிக்குப் போதாது. கோயிலிலிருந்து அரை கிலோமீட்டர்தான் என்று வரைபடம் காட்டும் விடுதிக்கு, எதிரே ஒரு மாடு வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், அப்புறம் மூன்று மாடி ஏற வேண்டியிருக்கும். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு இடத்துக்கு ஆட்டோ வாசலிலேயே போய் நிற்கும்.

ஆகவே காசியில் தங்கும் பகுதியைத் தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கூட வருகிறவர்களில் யாருக்கு நடக்கச் சிரமமோ, அவருடைய கால்களை வைத்து முடிவு செய்யுங்கள். நம் ஊர்களிலிருந்து காசிக்குப் போகும் கூட்டத்தில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பல வருட ஆசையோடு வருகிறவர்கள், மூட்டுவலியில் அறைக்குள்ளேயே முடங்கிவிடக் கூடாது என்பதுதான் என் அக்கறை.

ஊரின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

காசியில் கங்கை தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. ஊர் மேற்குக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் மணல்வெளிதான். அதனால்தான் எந்தப் படித்துறையில் நின்றாலும் சூரியன் ஆற்றுக்கு மேலே உதிப்பது தெரிகிறது. தெற்கில் அசி, வடக்கில் வருணை, இந்த இரண்டும் கங்கையில் சேரும் இடங்களுக்கு நடுவே பிறை வடிவத்தில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் படித்துறைகள் நீள்கின்றன. அவற்றை 'காட்' என்கிறார்கள். மொத்தம் 84 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. எல்லாப் பெயரும் நமக்குத் தேவையில்லை. தெற்கிலிருந்து வடக்காக அசி, துளசி, அனுமான், அரிச்சந்திரா, கேதார், தசாஸ்வமேதம், மணிகர்ணிகா, பஞ்சகங்கா, ராஜ்காட் என்ற வரிசை மட்டும் மனதில் இருந்தால் போதும். விடுதிக்காரர் போனில் ஏதாவது ஒரு காட் பெயரைச் சொன்னால், அது எந்தப் பக்கம் என்று உடனே பிடிபட்டுவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நகரின் மையமான கோதௌலியா நாற்சந்தியிலிருந்து தெற்கே மதன்புரா, சோனார்புரா, சிவாலா வழியாக அசி வரை ஆற்றுக்கு இணையாக ஒரு சாலை போகிறது. ஆட்டோவும் பேட்டரி ரிக்‌ஷாவும் ஓடும் சாலை. இந்தச் சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் சந்துகள். தெற்குப் பகுதியில் சாலைக்கும் படித்துறைக்கும் இடைவெளி குறைவு. கோதௌலியாவுக்கு வடக்கே சந்துகள் ஆழமாகப் போகின்றன, சாலையிலும் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு அதிகம். உங்கள் அறை இந்தச் சாலையிலிருந்து எத்தனை நிமிட நடை என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

எதற்காகப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள்

தர்ப்பணம், சிராத்தம், பிண்டம் என்று பித்ரு காரியம் முக்கியமென்றால், உங்கள் வாத்தியார் எங்கே இருக்கிறாரோ அதற்குப் பக்கத்தில் தங்குவதுதான் சரி. காரியம் நடக்கும் நாளில் அதிகாலையில் குளித்து, ஈர வேட்டியோடு நடந்து, மதியம் வரை சாப்பிடாமல் இருக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் ஊரைக் கடந்து வண்டியில் வருவது வயதானவர்களுக்கு மிகவும் கஷ்டம். பஞ்ச தீர்த்த சிராத்தம் செய்பவர்கள் அசி, தசாஸ்வமேதம், மணிகர்ணிகா, பஞ்சகங்கா, ஆதிகேசவம் ஆகிய ஐந்து இடங்களுக்கும் படகில் போவார்கள். படகு ஏறும் படித்துறை அறைக்கு அருகில் இருந்தால் அன்றைய அலைச்சல் பாதியாகக் குறையும்.

தினமும் விஸ்வநாதரைத் தரிசிக்க வேண்டும், அதிகாலை 3 மணியளவில் தொடங்கும் மங்கள ஆரத்தியைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குக் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரம் அவசியம். அந்த நேரத்தில் தெற்குக் கோடியிலிருந்து வண்டி பிடித்து வருவது அலைச்சல்.

ஊரைப் பார்க்க வேண்டும், படிகளில் உட்கார வேண்டும், கொஞ்சம் அமைதி வேண்டும் என்றால் கோயில் பக்கத்தை விட்டு விலகியிருப்பதே நல்லது. குழந்தைகளோடு வருபவர்களுக்கும் அதையே சொல்வேன்.

கேதார் காட் முதல் அனுமான் காட் வரை

முதல்முறை போகும் தமிழ்க் குடும்பத்துக்கு, பெரியவர்கள் கூட இருந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பகுதி இது. கோதௌலியாவிலிருந்து தெற்கே வரும் சாலை இங்கே ஆற்றுக்கு ஓரளவு பக்கத்தில் போகிறது. சோனார்புராவிலோ சிவாலாவிலோ ஆட்டோவை விட்டு இறங்கினால் சந்துக்குள் நடக்கும் தூரம் குறைவு.

இங்கே தமிழ்த் தொடர்பு நேற்று வந்ததில்லை. கேதார் காட்டில் இருக்கும் குமாரசுவாமி மடம், 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவியது. படித்துறைக்கு மேலேயே கேதாரேஸ்வரர் கோயில் இருக்கிறது. கோபுரத்துக்கும் சுவருக்கும் அடித்திருக்கும் சிவப்பு வெள்ளைப் பட்டைகளைப் படகிலிருந்து பார்த்தாலே நம் பக்கத்துக் கோயில் என்று தெரிந்துவிடும். அனுமான் காட் பக்கம் காஞ்சி மடத்தின் காமகோடீஸ்வரர் கோயில் இருக்கிறது. தந்தை இறந்த பிறகு 1898இல் காசிக்கு வந்த பாரதியார் தன் அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் இதே அனுமான் காட்டில்தான். அந்த வீட்டில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அங்கே போகாமல் ஊர் திரும்பாதீர்கள்.

நடைமுறை வசதி என்று பார்த்தால், வாத்தியார்கள் பலர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறார்கள். நம் சாப்பாடு கிடைக்கும். படகோட்டிகளும் கடைக்காரர்களும் தமிழிலோ தெலுங்கிலோ நாலு வார்த்தை பேசுவார்கள். இந்தி தெரியாத அம்மாவைத் தனியாக ஒரு காபி குடிக்க அனுப்பலாம்.

இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, கேதார் காட்டின் படிகள் செங்குத்தானவை, எண்ணிக்கையும் அதிகம். இறங்கிக் குளித்துவிட்டு ஏறுவதற்குள் பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும். கைத்தாங்கலாக ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இரண்டு, நடுவில் அரிச்சந்திரா காட் இருக்கிறது. அது சுடுகாடு. அதற்கு மிக அருகில் அறை எடுத்தால் புகை வரும், இறுதி ஊர்வலங்கள் வாசல் வழியே போகும். காசியில் மரணம் மறைத்து வைக்கப்படுவதில்லை. அதைப் பார்த்து மனம் தெளிகிறவர்களும் உண்டு, இரவெல்லாம் தூக்கம் வராமல் தவிப்பவர்களும் உண்டு. சமீபத்தில் வீட்டில் இழப்பு ஏற்பட்டு வருகிறவர்கள் கூட இருந்தால், ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக்கூடக் கேட்டுவிடுங்கள்.

கோதௌலியாவும் தசாஸ்வமேதமும்

கோயில், கடைவீதி, மாலை கங்கா ஆரத்தி மூன்றும் நடந்து போகும் தூரத்தில் வேண்டுமென்றால் இந்தப் பகுதிதான். விஸ்வநாதர், அன்னபூரணி, விசாலாட்சி மூன்று கோயில்களையும் ஒரே காலையில் நடந்தே பார்த்துவிடலாம். 2021 டிசம்பரில் திறந்த புதிய கோயில் வளாகத்துக்குப் பிறகு, ஆற்றுப் பக்கம் லலிதா காட்டிலிருந்தே படியேறிக் கோயிலுக்குள் போகும் வழியும் வந்துவிட்டது. செல்போனைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். அறை பக்கத்தில் இருந்தால் போனையும் பையையும் அங்கேயே வைத்துவிட்டுக் கைவீசிப் போகலாம். லாக்கர் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம்.

நகரத்தார் 1863இல் ஏற்படுத்திய காசி நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் இந்தக் கோதௌலியாவில்தான் இருக்கிறது. இங்கிருந்து தினமும் விஸ்வநாதர் பூஜைக்கான பொருட்களை 'சம்போ, சம்போ' என்று முழங்கிக்கொண்டு கோயிலுக்கு எடுத்துப் போகிறார்கள். நூற்றாண்டைக் கடந்து நடக்கும் இந்தக் காட்சியை, அங்கே தங்காவிட்டாலும் ஒருமுறை நின்று பாருங்கள். சத்திரத்தில் தங்க விரும்பினால் முன்கூட்டியே கேட்டு இடம் உறுதி செய்துகொள்ளுங்கள். நேராகப் போய் நின்றால் கூட்ட நாட்களில் கிடைப்பது கடினம். சாப்பாட்டு நேரத்தையும் கேட்டுவிடுங்கள். சத்திரங்களிலும் மடங்களிலும் நேரம் தவறினால் சாப்பாடு இல்லை.

குறை என்னவென்றால் கூட்டமும் சத்தமும். கோதௌலியாவிலிருந்து தசாஸ்வமேதம் வரை நடைதான். கார்களை அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள், விழா நாட்களில் இன்னும் தொலைவிலேயே. பெட்டிகளோடு வரும் முதல் நாளும் கிளம்பும் கடைசி நாளும்தான் இங்கே கஷ்டம், நடுவில் இருக்கும் நாட்கள் மிக வசதி. நடக்கத் தெம்புள்ளவர்கள், தோளில் மாட்டும் பையோடு வருகிறவர்கள் தயங்காமல் இங்கே தங்கலாம். சக்கர நாற்காலி தேவைப்படுபவர் இருந்தால் வேண்டாம்.

தசாஸ்வமேதத்திலிருந்து தெற்கே சோனார்புரா பக்கம் வரை ஆற்றுக்கு இணையாகப் போகும் சந்துதான் பெங்காலி டோலா. கோயிலுக்கும் கேதார் காட்டுக்கும் நடுவில் இருப்பதால், இரண்டு பக்கமும் நடக்கலாம். சிறிய விடுதிகள் நிறைய உண்டு, வாடகையும் கையைக் கடிக்காது. இரண்டு மூன்று நண்பர்களாக வருபவர்களுக்கு நான் சொல்வது இந்தச் சந்தைத்தான்.

மணிகர்ணிகா பக்கமும் அதற்கு வடக்கே பஞ்சகங்கா பக்கமும் பழைய காசியின் உள்மனம் போன்ற பகுதி. முதல்முறை போகிறவர்கள் அங்கே பகலில் நடந்து பார்த்தால் போதும். மணிகர்ணிகாவில் சிதைகள் இரவும் பகலும் எரிகின்றன. சந்துகளில் வழி தவறுவதும் சுலபம்.

அசி, லங்கா

அசி காட், படித்துறைகளின் தெற்குக் கோடி. இடம் விசாலம், வண்டி ஏறக்குறைய படித்துறை வரைக்கும் வரும், இளைஞர் கூட்டம் அதிகம், விதவிதமான சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. விடியற்காலையில் இங்கே ஆரத்தியும் சங்கீதமும் யோகாவும் நடக்கின்றன. துர்கா கோயில், சங்கட மோசன் ஆஞ்சநேயர், துளசிதாசர் வாழ்ந்த துளசி காட் எல்லாம் பக்கம். விஸ்வநாதர் கோயிலுக்குப் படித்துறை வழியாகவே நடந்தால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். காலை வெயில் ஏறுவதற்குள் நடக்க முடிந்தால், காசியில் அதைவிட நல்ல நடை வேறில்லை. குழந்தைகளோடு வருபவர்கள், நான்கு ஐந்து நாள் நிதானமாகத் தங்குபவர்கள் அசியை எடுத்துக்கொள்ளலாம்.

லங்கா இன்னும் தெற்கே, 1916இல் தொடங்கிய காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் வாசலில் இருக்கும் கடைத்தெரு. கங்கை கண்ணில் படாது. ஆனால் பல்கலைக்கழகத்தின் பெரிய மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. இதய நோயாளி, டயாலிசிஸ் செய்துகொள்பவர் யாராவது கூட வந்தால் அசிக்கும் லங்காவுக்கும் நடுவில் தங்குவது மனதுக்குத் தைரியம் தரும்.

கன்டோன்மென்ட், சாரநாத்

ரயில் நிலையத்தைத் தாண்டிய கன்டோன்மென்ட் பகுதியில் பெரிய ஓட்டல்கள் இருக்கின்றன. லிஃப்ட், அகலமான குளியலறை, வாசலில் கார் எல்லாம் கிடைக்கும். கங்கை மட்டும் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் நெரிசலில் போய்த் திரும்ப வேண்டும். உடம்பு முடியாதவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். சாரநாத் சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி அமைதியான இடம். புத்தர் முதல் உபதேசம் செய்த தலம் என்பதற்காகவே போகிறவர்கள் அங்கே ஓர் இரவு தங்கலாம். மற்றவர்களுக்கு அரை நாள் போய்வந்தால் போதும்.

தேதியைப் பார்த்துவிட்டுப் பகுதியை மாற்றுங்கள்

ஒரே பகுதி எல்லா மாதத்துக்கும் பொருந்தாது. ஆகஸ்ட், செப்டம்பரில் கங்கை பெருகினால் படித்துறைகள் தண்ணீருக்குள் போய்விடும். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குக் கரையோரமாக நடக்க முடியாது, படகுகளையும் நிறுத்திவிடுவார்கள். மாலை ஆரத்தியைக் கட்டடத்தின் மேல்தளத்தில் நடத்துவார்கள். அந்த மாதங்களில் 'கங்கையைப் பார்த்த அறை' என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுத்து ஆற்றோரம் தங்குவதைவிட, சாலைக்குப் பக்கத்தில், மேடான இடத்தில் எடுப்பதே புத்திசாலித்தனம். மகாளய பட்சம் பெரும்பாலும் இந்த வெள்ளக் காலத்தின் கடைசியில்தான் வருகிறது என்பதால், பித்ரு காரியத்துக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் வடநாட்டுக் கணக்குப்படி வரும் சாவன் மாதத் திங்கட்கிழமைகளில், காவடி தூக்கிவரும் பக்தர்களால் கோதௌலியா நிரம்பி வழியும். மகா சிவராத்திரியும் அப்படியே. தீபாவளியை ஒட்டிச் சில நாட்கள் மட்டும் தங்கத்தாலான அன்னபூரணியின் தரிசனம் உண்டு. அதற்காகப் போகிறவர்கள் கோதௌலியா பக்கம் பல மாதம் முன்பே அறை பிடிக்க வேண்டும். கார்த்திகைப் பௌர்ணமியன்று படித்துறை முழுக்க விளக்கேற்றும் தேவ தீபாவளிக்கு ஆற்றோர அறைகளின் வாடகை பல மடங்காகும். அந்த நாளுக்கு மட்டும் அசியோ லங்காவோ எடுத்து, மதியமே நடந்து போய் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் குளிர் நம் உடம்புக்குப் புதிது. ஆற்றுக் காற்று நேராக அடிக்கும் அறை வேண்டாம். வெந்நீர் எந்த நேரம் வரும் என்று கேளுங்கள். மே, ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அப்போது கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. காலையில் தரிசனம் முடித்து உடனே அறைக்குத் திரும்பிவிடலாம்.

பணம் கட்டுவதற்கு முன் போன் செய்யுங்கள்

படங்களை நம்பி மட்டும் பணம் கட்ட வேண்டாம். ஆற்றைக் காட்டும் படம் பல சமயம் மொட்டைமாடியில் எடுத்தது, உங்கள் அறை ஜன்னல் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்திருக்கும். நேரடியாகக் கூப்பிட்டு, ஆட்டோ எந்த இடம் வரை வரும், அங்கிருந்து எத்தனை நிமிட நடை, வழியில் படிகள் உண்டா, அறை எந்த மாடியில், லிஃப்ட் இருக்கிறதா, கழிப்பறை மேல்நாட்டு மாதிரியா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பழைய காசி வீடுகளில் மாடிப்படிகள் குறுகல், ஒவ்வொரு படியும் உயரம். 'முதல் மாடிதான்' என்று அவர்கள் சொல்லும்போது, தெருவிலிருந்து வாசலுக்கே பத்துப் படி இருக்கலாம். மூட்டுவலிக்காரர் இருந்தால் தரைத்தள அறை கிடைக்கும்வரை தேடுங்கள், வாடகை கூடினாலும் பரவாயில்லை.

பெட்டி தூக்க ஆள் அனுப்புவார்களா என்பதையும் கேளுங்கள். பல விடுதிகள் சந்து முனைக்கு ஆள் அனுப்பும். அந்த ஆளின் போன் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குரங்குகள் உள்ள பகுதிகளில் மாடத்துக்குக் கம்பிவலை இல்லாவிட்டால் துணி காயப்போட முடியாது. இதுவும் கேட்க வேண்டியதுதான், ஏனென்றால் தினமும் கங்கையில் குளித்தால் ஈரத்துணி நிறையச் சேரும்.

எங்கே இறங்குகிறீர்கள்?

காசிக்கு வரும் ரயில்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ராமேஸ்வரத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வரும் வாராந்திர ரயில்கள் பனாரஸ் நிலையத்தில் முடிகின்றன. அதன் பழைய பெயர் மண்டுவாடி, 2021இல் பெயர் மாறியது. ஊரின் பெரிய நிலையம் வாராணசி சந்திப்பு, உள்ளூரில் 'கேன்ட்' என்பார்கள். சென்னை வழியாக பாட்னா பக்கம் போகும் சங்கமித்ரா போன்ற ரயில்கள் இந்த இரண்டுக்கும் வராமல், கங்கைக்கு அந்தப்புறம் இருக்கும் தீனதயாள் உபாத்யாய் சந்திப்பில் நிற்கும். நாம் முகல்சராய் என்று கேட்டுப் பழகிய நிலையம்தான் அது. அங்கிருந்து ஊருக்குள் வர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். விமான நிலையம் ஊருக்கு வடமேற்கே பாபத்பூரில், சுமார் 25 கிலோமீட்டர்.

இரவு பத்து மணிக்கு மேல் வந்து சேர்வதாக இருந்தால், முதல் இரவை மட்டும் சாலையோர விடுதியில் கழித்துவிட்டு, காலையில் வெளிச்சத்தில் சந்துக்குள் இருக்கும் அறைக்கு மாறுங்கள். வண்டிக்காரர் யாராவது 'அந்த விடுதி மூடிவிட்டார்கள், வேறு நல்ல இடம் காட்டுகிறேன்' என்றால் இறங்கிவிடாமல், வண்டியில் இருந்தபடியே விடுதிக்குப் போன் செய்து அவரிடம் கொடுங்கள். பெரும்பாலும் அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இரண்டு பகுதியாகப் பிரிக்கலாமா?

ஐந்து நாளுக்கு மேல் தங்கினால் பிரிக்கலாம். பித்ரு காரியங்கள் முடியும்வரை கேதார் காட்டிலோ அனுமான் காட்டிலோ இருந்துவிட்டு, மீதி நாட்களுக்கு அசிக்கு மாறுங்கள். ஒரே சாலை என்பதால் மாறுவது சுலபம். பிரயாகைக்கும் கயைக்கும் போய்வருகிறவர்கள் பெரிய பெட்டிகளைக் காசி விடுதியிலேயே வைத்துவிட்டுப் போக முடியுமா என்று கேளுங்கள். சத்திரங்களும் மடங்களும் பல சமயம் சம்மதிக்கும். மூன்று நாள் பயணம் என்றால் மாறவே வேண்டாம், ஒரே அறை போதும்.

கிளம்பும் நாளுக்கும் ஒரு கணக்கு வேண்டும். விடிகாலை ரயில் என்றால் முந்தின இரவே விடுதியில் சொல்லி, பெட்டி தூக்க ஆளையும் சந்து முனைக்கு ஆட்டோவையும் ஏற்பாடு செய்துவிடுங்கள். பனிக்காலத்தில் ரயில் பல மணி நேரம் தாமதமாக வரும். அறையைக் காலி செய்வதற்கு முன் ரயில் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அரை நாள் வாடகை கொடுத்தாவது பெரியவர்களை அறையிலேயே படுக்க வையுங்கள். குளிரில் பிளாட்பாரத்தில் உட்கார வைக்க வேண்டாம்.